காருக்கு எர்த் தேடிய கதை

பத்தாம் வகுப்பு அறிவியலில் மின்னோட்டவியல் நான்காவது அலகு. பன்னிரண்டு ஆண்டுகளாக அதை நடத்தி வருகிறேன். அதில் புவி இணைப்பு என்று வரும் இடத்துக்கு நான் ஒதுக்கி வந்தது பத்து நிமிடம். பச்சைக் கம்பி, மூன்று துளைகளில் பெரிய துளை, கசியும் மின்னோட்டம் மண்ணுக்குப் போய்விடும். இரண்டு மதிப்பெண் வினா, அடுத்த பக்கம். சென்ற ஆனி மாதம் ஒரு மின்சாரக் கார் வாங்கி, அதற்கு வீட்டில் சார்ஜர் வைக்கப் போன பிறகு அந்தப் பத்து நிமிடம் நான்கு பாடவேளைகளாக நீண்டுவிட்டது. எப்படி நீண்டது என்பதைச் சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன். கார் வைத்திருப்பவர்களுக்கு மட்டுமான கட்டுரை அல்ல இது. வீட்டில் கிரைண்டர் இருந்தாலே போதும்.

எங்கள் வீடு திருக்காட்டுப்பள்ளியில், குடமுருட்டிக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. தாத்தா கட்டியது. நான் வேலை பார்க்கும் பள்ளி 18 கிலோமீட்டர், போய்வர 36. பெட்ரோல் செலவைக் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் 24 கிலோவாட் மணி மின்கலம் உள்ள ஒரு சிறிய காரை வாங்கினேன். காரோடு ஒரு சார்ஜிங் கேபிள் தந்தார்கள். ஒரு முனையில் நம் வீட்டு 15 ஆம்பியர் பிளக், மறுமுனையில் காருக்கான பிடி, நடுவில் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி. முதல் நாள் இரவு வாசல் திண்ணைக்கு மேலே இருந்த பிளக்கில் செருகினேன். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. கார் சார்ஜ் ஆகவில்லை.

விற்பனை நிலையத்துக்குத் தொலைபேசியில் கேட்டேன். "சார், உங்க வீட்ல எர்த் இல்ல. அதான் ஏத்துக்க மாட்டேங்குது" என்றார் எதிர்முனையில் இருந்தவர். எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்தது. பிளக்கில் மூன்று துளை இருக்கிறது, பின்னால் பச்சைக் கம்பியும் இருக்கிறது. எர்த் இல்லாமல் எப்படி?

மறுநாள் காலை வயர்மேன் வந்து மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தார். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 228 வோல்ட். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே கிட்டத்தட்ட அதே அளவு வர வேண்டும். வந்தது 90, கொஞ்ச நேரம் கழித்து 110. எண் நிற்காமல் ஆடியது. பச்சைக் கம்பி எங்கே போகிறது என்று சுவரோடு தேடிக்கொண்டே போனோம். கொல்லைப்புறத்தில் அடிபம்பு இருந்த இடத்தில் அது முடிந்தது. தாத்தா காலத்தில் அடிபம்பின் இரும்புக் குழாயில் கட்டியிருக்கிறார்கள். இருபது அடி மண்ணுக்குள் போன இரும்பு, அந்தக் காலத்துக்கு அது நல்ல எர்த்துதான். பிறகு போர் போட்டபோது இரும்புக் குழாயைப் பிடுங்கிவிட்டு பிவிசி குழாய் இறக்கினோம். இறக்கியது நான்தான். கம்பியை யாரோ அந்த பிவிசி குழாயிலேயே பத்திரமாகச் சுற்றி வைத்திருந்தார்கள். பிளாஸ்டிக் குழாயில் கட்டிய எர்த்! வீட்டில் எர்த் இல்லாமல் எத்தனை வருடம் ஓடியிருக்கிறது என்று கணக்குப் பார்த்தேன். நான் வகுப்பில் எர்த் பற்றிப் பாடம் நடத்திய அதே வருடங்கள்.

இதற்குப் பிறகு வயர்மேன் சொன்னதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. "குழி வெட்டி எர்த் போடணும்னா ரெண்டு நாள் ஆகும் சார். அவசரம்னா நியூட்ரலையும் எர்த்தையும் பிளக்குக்குள்ளயே ஒரு துண்டு வயர் போட்டு இணைச்சுடறேன். கார் ஏமாந்துடும். நாலு வீட்ல இப்படித்தான் ஓடுது." அவர் என்னை ஏமாற்றவில்லை. உதவி செய்வதாகவே நினைத்துச் சொன்னார். மறுநாள் பள்ளிக்குப் போக வேண்டும், காரில் சார்ஜ் இல்லை. ஒரு கணம் சரி என்றே சொல்ல இருந்தேன்.

ஏன் கூடாது என்று அவருக்கு விளக்கப் போய்தான் எனக்கே அது முழுதாகப் புரிந்தது. பிறகு அதே விளக்கத்தைக் கரும்பலகையில் படமாகப் போட்டேன். நியூட்ரல் கம்பி வழியாகத்தான் மின்னோட்டம் திரும்பிப் போகிறது. கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் நியூட்ரல் எங்காவது அறுந்துவிட்டால் திரும்பும் வழி அடைபட்டுவிடும். அப்போது வீட்டில் ஒரு விளக்கு சுவிட்ச் போட்டிருந்தாலும், விளக்கு எரியாது. ஆனால் ஃபேஸின் மின்னழுத்தம் அந்த விளக்கின் இழை வழியாக நியூட்ரல் கம்பி முழுவதிலும் வந்து நிற்கும். நியூட்ரலை எர்த்தோடு முடிச்சுப் போட்டிருந்தால், அந்த மின்னழுத்தம் நேராகக் காரின் இரும்பு உடலுக்கு வரும். கார் நிற்பதோ ரப்பர் சக்கரங்களில். மண்ணோடு அதற்குத் தொடர்பு கிடையாது. அது காத்திருக்கும். வெறுங்காலோடு வாசல் தெளிக்க வரும் என் அம்மா, கதவுக் கைப்பிடியைத் தொடும்வரை காத்திருக்கும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பழைய வீடுகளில் ஃபேஸ் இருக்க வேண்டிய பக்கம் நியூட்ரலும், நியூட்ரல் பக்கம் ஃபேஸும் மாறியிருப்பது சாதாரணம். விசிறியும் விளக்கும் அதைப் பொருட்படுத்தாமல் ஓடும். அப்படி மாறியிருக்கும் பிளக்கில் அந்தத் துண்டு வயரைப் போட்டால், நியூட்ரல் அறும்வரை காத்திருக்கத் தேவையே இல்லை.

ஈர உடலின் மின்தடையை 1000 ஓம் என்று எடுத்துக்கொண்டு ஓம் விதியைப் போடச் சொன்னேன். 230 வோல்ட்டை 1000 ஓமால் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். சில பத்து மில்லி ஆம்பியரே இதயத் துடிப்பைக் குலைக்கப் போதும் என்று அதற்குப் பக்கத்தில் எழுதினேன். வகுப்பு அமைதியாகிவிட்டது. நான் அமைதியாக இருக்கச் சொல்லவில்லை.

இரண்டு நாள் பக்கத்து வீட்டு ஸ்கூட்டரை இரவல் வாங்கிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். வாசலுக்குப் பக்கத்தில் குழி வெட்டி, பத்தடி ஜிஐ பைப்பை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் மாறி மாறிப் போட்டு மூடினார்கள். நம் காவிரிக் களிமண் இதற்கென்றே அமைந்தது போல இருக்கும். ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மண் தானாக மின்சாரத்தைக் கடத்துவதில்லை. அதிலுள்ள நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அயனிகளே கடத்துகின்றன. கரி ஈரத்தைத் தக்கவைக்கிறது, உப்பு அயனிகளைத் தருகிறது. வேதியியல் ஆசிரியர்கள் இந்தக் குழியைத் தங்கள் பாடத்துக்கும் எடுத்துக்கொள்ளலாம். ஐடிஐயில் வேலை பார்க்கும் நண்பரிடம் எர்த் டெஸ்டரை இரவல் வாங்கி அளந்தேன். 3.8 ஓம். கேபிளைச் செருகினேன். பச்சை விளக்கு எரிந்தது.

இங்கே நம் பாட விளக்கம் வழக்கமாகத் தாண்டிப் போகும் ஒரு விஷயம் இருக்கிறது. எர்த் இருந்தால் போதும், கசிவு ஏற்பட்டால் ஃபியூஸ் போய்விடும் என்றே சொல்லித் தருகிறோம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எர்த்தின் மின்தடையை 4 ஓம் என்று வைத்துக்கொண்டால், ஃபேஸ் கம்பி காரின் உடலைத் தொட்டதும் பாயக்கூடிய மின்னோட்டம் அதிகபட்சம் 230 ÷ 4, சுமார் 57 ஆம்பியர். டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்து எர்த்தின் மின்தடையையும் சேர்த்தால் இன்னும் குறையும். வீட்டில் போடும் 20 ஆம்பியர் 'சி' வகை எம்சிபி உடனே விழ வேண்டுமென்றால் 100 முதல் 200 ஆம்பியர் வரை பாய வேண்டும். 50 ஆம்பியர் அளவில் அது சில நொடியிலும் விழலாம், ஒரு நிமிடம் வரையும் எடுத்துக்கொள்ளலாம். அந்த ஒரு நிமிடமும் காரின் உடலில் ஆபத்தான மின்னழுத்தம் இருக்கும்.

அதனால்தான் ஆர்சிசிபி தேவைப்படுகிறது. ஃபேஸில் போகும் மின்னோட்டத்தையும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டத்தையும் அது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டினால், வேறு எங்கோ கசிகிறது என்று அர்த்தம், 0.3 நொடிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். எம்சிபி கம்பியைக் காப்பாற்றுகிறது, ஆர்சிசிபி ஆளைக் காப்பாற்றுகிறது. இப்படிச் சொன்னால் மாணவர்களுக்கு மறப்பதில்லை.

தொடக்க வகுப்பு ஆசிரியர்கள் இதைப் புளியங்கொட்டையை வைத்தே நடத்தலாம். எங்கள் பள்ளி வளாகத்திலேயே இருக்கும் தொடக்கப்பள்ளியில் நான்காம் வகுப்புக் குழந்தைகளோடு செய்து பார்த்தோம். வகுப்பு வாசலில் ஒரு குழந்தை நிற்கும், அதுதான் ஆர்சிசிபி. வெளியே போகும் குழந்தைகள் ஆளுக்கொரு கொட்டையை எடுத்துப் போவார்கள். ஒரு சுற்று ஓடிவிட்டு உள்ளே வரும்போது கொட்டையோடு வர வேண்டும். போனது 16, வந்தது 16 என்றால் கதவு திறந்திருக்கும். யாராவது ஒருவர் ரகசியமாக ஒரு கொட்டையை மண்ணில் போட்டுவிட்டு வந்தால், எண்ணுகிற குழந்தை கதவைச் சாத்திவிட வேண்டும். கொட்டையை யார் போட்டது, எங்கே போட்டது என்று அது கேட்கத் தேவையில்லை. குறைந்தது தெரிந்தால் போதும். இரண்டே சுற்றில் குழந்தைகள் பிடித்துக்கொண்டார்கள். மூன்றாவது சுற்றில் எல்லோருமே கொட்டையைப் போட்டுவிட்டு வந்ததால் விளையாட்டு கலைந்துவிட்டது, அது வேறு கதை.

சிக்கல் அதோடு முடியவில்லை. மூன்றாவது வாரம் ஓர் இரவு வாசலில் பிளாஸ்டிக் கருகும் வாடை. ஓடிப்போய் அணைத்துவிட்டுப் பிளக்கைப் பிடுங்கினால் ஒரு முள்ளைச் சுற்றி வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பாக மாறிக் குழைந்திருந்தது. 15 ஆம்பியர் என்று அதன் மேலேயே அச்சிட்டிருக்கிறது. கார் எடுப்பதோ 3.3 கிலோவாட், அதாவது சுமார் 14.3 ஆம்பியர்தான். பிறகு ஏன்?

கருகிய அந்தப் பிளக்கை வகுப்புக்கு எடுத்துப் போனேன். கூடவே இயற்பியல் ஆய்வகத்திலிருந்து 25 வாட் சால்டரிங் அயர்ன் ஒன்றையும். ஜூல் விதிப்படி ஒரு நொடிக்கு வெளிப்படும் வெப்பம், மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால் கிடைக்கும். முதலில் கம்பியைக் கணக்கிட்டோம். மீட்டர் பலகையிலிருந்து வாசல் வரை 22 மீட்டர். போகவும் வரவும் 44. பழைய தாமிரக் கம்பி 2.5 சதுர மில்லிமீட்டர். மின்தடை எண்ணை வைத்துப் பார்த்தால் மின்தடை சுமார் 0.3 ஓம். 14.3இன் வர்க்கம் 204. பெருக்கினால் 60 வாட்டுக்குச் சற்று மேல். "கம்பியிலயே 60 வாட்டா? அப்ப கம்பிதானே சார் முதல்ல கருகணும்?" என்றான் ஒருவன். நல்ல கேள்வி. அந்த 60 வாட் 44 மீட்டர் நீளத்தில் பரவியிருக்கிறது. மீட்டருக்கு ஒன்றரை வாட்கூட இல்லை. கம்பி தொட்டால் இளஞ்சூடாக இருக்கும், அவ்வளவுதான்.

இப்போது பிளக்கின் முள். பல வருடம் மோட்டாரைச் செருகிச் செருகி உள்ளே இருக்கும் பித்தளைத் தகடு தளர்ந்து, முள்ளை ஓர் ஓரத்தில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தின் மின்தடை 0.1 ஓம் என்று வையுங்கள். 204ஐ 0.1ஆல் பெருக்கினால் 20 வாட். மொத்தக் கம்பியில் வருவதைவிடக் குறைவுதான். ஆனால் அது மிளகளவு இடத்தில் வருகிறது. சால்டரிங் அயர்னைத் தூக்கிக் காட்டினேன். இது 25 வாட், ஈயத்தை உருக்குகிறது. அதில் ஒன்றைப் பிளக்குக்குள் செருகி இரவு முழுவதும் வைத்தால் என்ன ஆகும்? யாரும் பதில் சொல்லவில்லை. பிளக்கைக் கைமாற்றிப் பார்த்துக்கொண்டார்கள்.

நேரமும் இந்தக் கணக்கில் இருக்கிறது. இஸ்திரிப் பெட்டி சூடானதும் தானே அணையும், பிறகு எரியும். மோட்டார் அரைமணி ஓடும். கார், காலியான மின்கலத்தோடு செருகினால் ஏழெட்டு மணி நேரம் விடாமல் இழுக்கும். அதனால்தான் கார்க்காரர்களுக்குத் தனி லைன், தனிப் பெட்டி என்று சொல்கிறார்கள். சுவரில் பொருத்தும் சார்ஜர் ஒரு ஆடம்பரம் என்றே நான் நினைத்திருந்தேன். முறுக்கி இறுக்கிய திருகு முனைகளில் தாமிரம் தாமிரத்தை முழுதாகத் தொட்டுக்கொண்டிருப்பது ஆடம்பரம் இல்லை.

வாங்கப் போனபோது 7.2 கிலோவாட் பெட்டியைத்தான் எல்லோரும் காட்டினார்கள். மூன்றரை மணி நேரத்தில் முழு சார்ஜ் என்று விளம்பரம். 24ஐ 7.2ஆல் வகுத்தால் கணக்கு ஏறக்குறைய சரிதான். ஆனால் கார் கையேட்டைப் படித்தபோது வேறொரு விஷயம் தெரிந்தது. சுவரில் மாட்டும் பெட்டியைச் சார்ஜர் என்று அழைக்கிறோமே தவிர, அது சார்ஜரே இல்லை. மாறுதிசை மின்னோட்டத்தை நேர்திசையாக்கி மின்கலத்துக்குள் செலுத்தும் உண்மையான சார்ஜர் காருக்குள் இருக்கிறது. சுவர்ப் பெட்டி என்பது பாதுகாப்புச் சோதனைகளைச் செய்துவிட்டு இணைப்பைக் கொடுக்கும் ஒரு புத்திசாலி சுவிட்ச். என் காருக்குள் இருக்கும் சார்ஜர் 3.3 கிலோவாட். சுவரில் 7.2ஐ மாட்டினாலும் 22ஐ மாட்டினாலும் அது 3.3தான் எடுக்கும். அகலமான குழாயில் சிறிய குடத்தைப் பிடிப்பது போல என்று சொன்னால் மாணவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். என் தேவையும் அவ்வளவுதான். 36 கிலோமீட்டருக்கு ஐந்து யூனிட்டுக்குச் சற்று மேல் ஆகிறது, 3.3இல் இரண்டு மணி நேரத்துக்குள் ஏறிவிடும். இரவு முழுவதும் கார் சும்மாதானே நிற்கிறது?

வேகமாகச் சார்ஜ் செய்ய வேண்டும் என்ற ஆசை பெட்ரோல் பங்க் பழக்கத்தில் வருவது என்பது என் கருத்து. வீட்டில் சார்ஜ் செய்வது புதிய யோசனையும் இல்லை. நூறு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் டெட்ராய்ட் எலக்ட்ரிக் என்ற மின்சாரக் கார் ஓடியது. பெட்ரோல் கார் விற்ற ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா 1914இல் அதைத்தான் வைத்திருந்தார். மாறுதிசை மின்சாரம் வந்த வீடுகளில் அதை நேர்திசையாக்கப் பாதரச ஆவி விளக்கு போன்ற ஒரு கருவியைக் கொட்டகையில் வைத்திருப்பார்கள். இந்தியாவில் 2001இல் பெங்களூரிலிருந்து வந்த ரேவா காரும் வீட்டு 15 ஆம்பியர் பிளக்கில்தான் சார்ஜ் ஆனது. வீட்டிலிருக்கும் மின் இணைப்பிலேயே காரைச் சார்ஜ் செய்துகொள்ளலாம் என்பதை மத்திய மின் அமைச்சகத்தின் 2022 ஜனவரி வழிகாட்டுதல்கள் தெளிவாகச் சொல்கின்றன.

ஆனால் இணைப்பின் அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் ஒருமுனை இணைப்பு மொத்தம் 4 கிலோவாட் வரைதான். மோட்டார், ஃபிரிட்ஜ், இஸ்திரிப் பெட்டி எல்லாம் ஏற்கெனவே இருக்கும் வீட்டில் 3.3ஐச் சேர்த்தால் அது தாண்டிவிடும். மும்முனைக்கு மாற்ற விண்ணப்பித்து, அது வந்த பிறகே பெட்டியை மாட்டினேன். பெட்டிக்குள் 16 ஆம்பியருக்கு அமைத்து, மீட்டரிலிருந்து தனியாக 6 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பி இழுத்து, தனி எம்சிபி, தனி ஆர்சிசிபி. நாளை வேறு கார் வந்தாலும் கம்பியை மாற்ற வேண்டாம் என்பதற்காகவே 6. சுவர்ப் பெட்டி காரோடு பேசும் விதமும் கணக்கு ஆசிரியர்களுக்குப் பிடிக்கும். ஒரு மெல்லிய கம்பியில் நொடிக்கு 1000 முறை ஒரு மின்துடிப்பு போகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் எத்தனை சதவீத நேரம் மேலே இருக்கிறதோ, அதை 0.6ஆல் பெருக்கினால் கார் எடுத்துக்கொள்ளலாம் என்று அனுமதிக்கும் ஆம்பியர். 16 ஆம்பியருக்கு எத்தனை சதவீதம் என்று எட்டாம் வகுப்பில் கேட்டேன். 26.67 என்று வந்தது. சதவீதத்துக்கு லாப நட்டம் அல்லாத ஓர் உதாரணம் கிடைத்ததே என்று கணக்கு ஆசிரியை மகிழ்ந்தார்.

அவருக்கு இன்னும் பெரிய மகிழ்ச்சி மின்கட்டணத்தில் கிடைத்தது. 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த வீட்டுக் கட்டணத்தை எடுத்துக்கொண்டோம். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் வரை பயன்படுத்தினால் முதல் 100 இலவசம், 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு ரூ. 2.25, 201 முதல் 400 வரை ரூ. 4.50, 401 முதல் 500 வரை ரூ. 6. 500ஐத் தாண்டினால் அந்த 2.25 என்ற படி மறைந்துவிடும். 101இலிருந்து 400 வரை எல்லாம் 4.50, 500க்கு மேல் 8. மாணவர்களிடம் இரண்டே கேள்வி. 500 யூனிட்டுக்கு எவ்வளவு? 501 யூனிட்டுக்கு எவ்வளவு? முதலாவது 1725. இரண்டாவது 1958. ஒரே ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! பலரும் தப்பாகப் போட்டுவிட்டோம் என்று நினைத்து அழித்துவிட்டு மறுபடி போட்டார்கள்.

இதை என் வீட்டுக்குப் பொருத்தினேன். கார் வருவதற்கு முன் இரண்டு மாதத்துக்கு 310 யூனிட். அந்தக் கட்டணப்படி 720 ரூபாய். கார் 1800 கிலோமீட்டருக்குச் சார்ஜில் வீணாவதையும் சேர்த்து 280 யூனிட் எடுக்கிறது. மொத்தம் 590, கட்டணம் 2670. வித்தியாசம் 1950. யூனிட்டுக்கு நாலரை ரூபாய் என்று நினைத்துக் கார் வாங்கினேன். உண்மையில் ஆனது ஏழு ரூபாய். என்றாலும் லிட்டருக்கு 16 கிலோமீட்டர் ஓடும் பெட்ரோல் காருக்கு, லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தாலும் அதே தூரத்துக்கு 11,250 ஆகியிருக்கும். கட்டணம் அதன் பிறகு மாறியிருக்கிறது. வகுப்பில் நடத்துபவர்கள் நடப்புக் கட்டணத்தையும் மாணவர் வீட்டு ரசீதையும் எடுத்துக்கொள்ளட்டும். பெற்றோர் ரசீதைத் தேடி எடுத்துக் கொடுக்கும்போதே பாதிப் பாடம் நடந்துவிடுகிறது.

இப்போது கிரைண்டருக்கு வருகிறேன். கருகிய பிளக்கைக் காட்டிய அன்று, வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவி மேசைக்கு வந்தாள். "சார், எங்கம்மா கிரைண்டர் போடும்போது செருப்பு போட்டுக்கிட்டுத்தான் தொடுவாங்க. என்னையும் செருப்பு இல்லாம தொடாதேன்னு சொல்வாங்க. அது எர்த் இல்லாததுனாலயா?" எனக்குப் பதில் சொல்ல ஒரு நிமிடம் ஆனது. என் அம்மாவும் மரப்பலகை மேல் நின்றுதான் மாவாட்டுவார். சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். கிரைண்டர் என்றால் அப்படித்தான் சுர்ரென்று இழுக்கும் என்று ஏற்றுக்கொண்டிருக்கிறேன். பன்னிரண்டு வருடம் பாடம் நடத்தியும் அந்தப் பலகையையும் பாடத்தையும் நான் சேர்த்துப் பார்த்ததே இல்லை.

அடுத்த நாள் வகுப்பில் கேட்டேன்: யார் வீட்டிலெல்லாம் செருப்போ பலகையோ உண்டு? ஒன்பது கைகள் உயர்ந்தன. வீட்டில் எதையும் கழற்றவோ தொடவோ கூடாது, கண்ணால் மட்டும் பார்த்து எழுதி வர வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லி ஒரு சிறு வேலை கொடுத்தேன். வீட்டில் எத்தனை பிளக். எத்தனைக்கு மூன்று துளை. கிரைண்டர், மிக்ஸி, ஃபிரிட்ஜ் பிளக்குகளில் மூன்றாவது முள் இருக்கிறதா. எர்த் கம்பி வீட்டுக்கு வெளியே எங்கே இறங்குகிறது. வந்த பதில்களில் ஒன்று என்னை உட்கார வைத்துவிட்டது. 2011இல் தொடங்கிய திட்டத்தில் கிடைத்த விலையில்லா கிரைண்டர் பல வீடுகளில் இன்னும் ஓடுகிறது. கொடுத்தபோது அதன் பிளக்கில் மூன்று முள் இருந்தது. இரண்டு துளைப் பிளக்கில் செருகுவதற்காக மூன்றாவது முள்ளை அறுத்துவிட்டிருக்கிறார்கள். அறுத்த வீடு ஒன்றிரண்டு இல்லை.

வானவில் மன்றச் செயல்பாடுகள் நடக்கும் ஆறு முதல் எட்டாம் வகுப்புகளிலும் இந்தக் கணக்கெடுப்பைச் செய்யலாம். ஆனால் மின் இணைப்பைத் தொடும் சோதனை எதையும் மாணவர் கையில் கொடுக்கக் கூடாது. டார்ச் பேட்டரியும் சிறு பல்பும் போதும். முறுக்கி இறுக்கிய இணைப்பில் பல்பு எரிவதையும், தளர்த்தினால் மங்கி மினுக்குவதையும் அதிலேயே காட்டிவிடலாம். டெஸ்டர் வைத்துக்கொண்டு வீட்டில் ஆராய்ச்சி செய்யப் பார்த்த ஒரு மாணவனை நான் தடுக்க வேண்டியிருந்தது. ஆர்வத்தைக் கிளப்பிவிடும்போதே இதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த மாணவியின் அப்பா விவசாயக் கூலி. எனக்கு எர்த் போட்டுக் கொடுத்த அதே வயர்மேனிடம் சொன்னேன். குழியை அவள் அப்பாவே வெட்டிக்கொண்டார். பைப்புக்கும் ஆர்சிசிபிக்கும்தான் செலவு. வேலை முடிந்து, கிரைண்டருக்கு மூன்று முள் பிளக் மாற்றி ஓட்டியதும் ஆர்சிசிபி விழுந்துவிட்டது. மறுபடி போட்டால் மறுபடி விழுந்தது. புதிதாகப் போட்டது சரியில்லை என்று வீட்டில் சங்கடப்பட்டிருக்கிறார்கள். சரியாக இருப்பதால்தான் விழுகிறது என்று அந்தப் பெண்ணே அவர்களுக்கு விளக்கியிருக்கிறாள், புளியங்கொட்டையை வைத்து. கிரைண்டர் மோட்டாரில் காப்பு அரித்துப்போயிருந்தது. மோட்டாரைச் சரிசெய்த பிறகு ஆர்சிசிபி விழவில்லை. செருப்பு இப்போது வாசலில் கிடக்கிறது என்றாள்.

என் வீட்டு எர்த்தை மாதம் ஒருமுறை அளந்து வாசல் சுவரில் ஒரு வரைபடத் தாளில் புள்ளி வைக்கிறோம். தெருப் பிள்ளைகள்தான் வைக்கிறார்கள். ஆறு நிறைய ஓடிய ஆடியில் 3.8. தை முடிந்து மேட்டூர் மூடியதும் கோடு ஏறத் தொடங்கியது. சித்திரையில் 6.4. இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி மறுநாள் அளந்தபோது 5.1. வழக்கப்படி ஜூன் 12இல் மேட்டூர் திறந்து, தண்ணீர் கல்லணை தாண்டிக் குடமுருட்டிக்கு வந்த பிறகு எவ்வளவு இருக்கும் என்று ஆளுக்கொரு எண்ணைத் தாளின் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். நான் 4.0 என்று எழுதியிருக்கிறேன். நான்காம் வகுப்புக்காரி ஒருத்தி 3.5 என்று எழுதிவிட்டு, அடுத்த புள்ளியைத் தான்தான் வைப்பேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.